கைதிக்காகப் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு மகசின் சிறையிலோ வெலிக்கடைச் சிறையிலோ இருக்கும் மகனுக்காகவும் கணவனுக்காகவும் எழுதப்படும் பல கடிதங்கள் ஒரே வரியில் முடிகின்றன: "எப்படியாவது விடுதலை எடுத்துத் தாருங்கள், ஐயா." அந்த அதிகாரம் எந்தப் பாராளுமன்ற உறுப்பினருக்கும் இல்லை. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அமைச்சரிடமோ திணைக்களத் தலைவரிடமோ அவரால் கேள்வி கேட்க முடியும். அந்தக் கேள்வியை அவர் கையில் கொடுப்பதே உங்கள் கடிதத்தின் வேலை.

ஆகவே ஆள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இதைக் குழப்பிக்கொள்வதால் ஏராளமான கடிதங்கள் வீணாகின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் (1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம்) 9ஆம் பிரிவின் கீழ் தடுத்து வைக்கப்பட்டிருந்தால், உத்தரவில் கையெழுத்திடுபவர் பாதுகாப்பு அமைச்சர். அந்த உத்தரவு ஒரு தடவைக்கு 3 மாதத்துக்கு மேற்படக் கூடாது. 2022 திருத்தத்துக்குப் பின் மொத்தக் காலம் 12 மாதத்தைத் தாண்டவும் கூடாது. விளக்கமறியலில் (தண்டனை இல்லாமல், வழக்கு முடியும்வரை நீதிமன்ற உத்தரவில் சிறையில்) இருந்தால், பெரும்பாலும் தாமதம் சட்டமா அதிபர் திணைக்களத்திலேயே இருக்கும். வழக்குத் தொடுப்பதா என்று பொலிஸுக்கு ஆலோசனை சொல்வது அந்தத் திணைக்களம்தான். "கோவை எந்தத் திகதியில் கிடைத்தது? ஆலோசனை எப்போது அனுப்பப்படும்?" என்று கேட்க வேண்டும். தண்டனை பெற்றவர் என்றால் மருத்துவம், சிறை மாற்றம், பொதுமன்னிப்பு ஆகியவற்றுக்காக எழுதலாம். விளக்கமறியல் கைதிக்குப் பொதுமன்னிப்புக் கேட்டு எழுதாதீர்கள். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையின்படி ஜனாதிபதி பொதுவாக மன்னிக்கக்கூடியது, நீதிமன்றம் குற்றவாளியாகத் தீர்ப்பளித்த ஒருவரையே.

மிக ஆபத்தான தவறு, குற்றத்தைப் பற்றி எழுதுவது. "வறுமையால் செய்துவிட்டான், சிறு பிள்ளை, மன்னித்துவிடுங்கள்" என்று தாய் எழுதும் வரி இரக்கத்தைத் தேடியே எழுதப்படுகிறது. ஆனால் கடிதம் உறுப்பினரோடு நின்றுவிடாது. அவர் அதை அமைச்சுக்கு அனுப்புவார், அமைச்சு திணைக்களத்திடம் அறிக்கை கேட்கும், திணைக்களம் கைது செய்த பொலிஸ் பிரிவிடமே விளக்கம் கேட்கலாம். அந்தப் பயணத்தில் கடிதத்தின் பிரதி எந்தக் கோவையில் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க இடமளிக்கிறது. அது அடித்து வாங்கியது என்று மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி போராடிக்கொண்டிருக்கையில், "செய்துவிட்டான்" என்ற சொல் வீட்டிலிருந்தே போகக் கூடாது. "அவன் அன்று அந்த இடத்திலேயே இல்லை" என்று எதிர்ப்பக்கமாக எழுதுவதும் சரியல்ல. நீதிமன்றத்தில் வைக்க வேண்டிய எதிர்வாதத்தை முன்கூட்டியே திறந்து காட்டுகிறீர்கள். சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். காலம், உடல்நிலை, நடைமுறை, இவை மூன்றையும் மட்டும் எழுதுங்கள். தபாலில் போடுமுன் சட்டத்தரணி ஒரு தடவை வாசிக்க வேண்டும். சட்டத்தரணி இல்லையென்றால், புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை முதலில் அணுகுங்கள்.

நீதவானிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி உறுப்பினரைக் கேட்கவே கூடாது. நீதித்துறைக் கடமையில் தலையிடுவது அரசியலமைப்பின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அப்படியொரு வரி இருந்தால் கவனமான உறுப்பினர் முழுக் கடிதத்தையும் ஒதுக்கி வைத்துவிடுவார். அவர் செய்தது சரிதான்.

அடுத்தது, அடையாளம் இல்லாத கடிதம். "மகசின் சிறையில் இருக்கும் என் அண்ணன்" என்ற அளவில் ஒரு செயலாளரால் தொலைபேசியைக்கூட எடுக்க முடியாது. நீதிமன்றப் பதிவில் உள்ளபடி பெயர், சிறை, சிறைப் பதிவு இலக்கம், கைதான திகதி, கைது செய்த பொலிஸ் பிரிவு, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, நீதிமன்றம், வழக்கு அல்லது பி அறிக்கை (பொலிஸார் நீதவானிடம் கொடுக்கும் அறிக்கை) இலக்கம், அடுத்த தவணை ஆகியவை முதல் பந்தியிலேயே வர வேண்டும். பெயரில் கவனம் தேவை. தமிழில் ஒரு விதமாகவும் சிங்களப் பதிவேட்டில் வேறு விதமாகவும் இருந்தால், "அப்படி ஒருவர் இங்கில்லை" என்ற பதில் வரும். இரண்டு வடிவத்தையும் எழுதிவிடுங்கள். "அரசியல் கைதி" என்று அமைச்சருக்கு எழுதினால், அப்படி யாரும் நாட்டில் இல்லை என்ற வழக்கமான பதிலுக்கு இடம் கொடுக்கிறீர்கள். சட்டத்தையும் பிரிவையும் எழுதினால் அந்தப் பதிலுக்கு வழியில்லை.

ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கைதான். விடுதலை, மருத்துவம், யாழ்ப்பாணச் சிறைக்கு மாற்றம், பிள்ளைகளுக்கு உதவி என நான்கையும் ஒன்றாகக் கேட்டால் அமைச்சு இலகுவானதற்கு மட்டும் பதில் எழுதிக் கோவையை மூடிவிடும். கோரிக்கை எவ்வளவு குறிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். "அவருக்குச் சுகமில்லை, கவனிப்பார் இல்லை" என்பது பலவீனமான வரி. "சிறுநீரக நோய். தேசிய வைத்தியசாலையில் மார்ச் 4, ஏப்ரல் 8 கிளினிக் இரண்டுக்கும் அழைத்துச் செல்லப்படவில்லை. அடுத்தது மே 13. அன்று அழைத்துச் செல்லப்படுவாரா என்று சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்திடம் கேட்டுத் தாருங்கள்" என்று எழுதினால், ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் வர முடியும். கிளினிக் அட்டையின் பிரதியை இணையுங்கள். மூலத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

1983 யூலையில் வெலிக்கடைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை எந்தத் தமிழ்க் குடும்பமும் மறக்கவில்லை, மறக்கவும் தேவையில்லை. ஆனால் உங்கள் ஆளுக்கு இன்று அச்சுறுத்தல் இருந்தால், கடிதத்தின் ஒரு பக்கம் முழுவதையும் இன்றைய விபரத்துக்கே கொடுங்கள்: எந்தத் திகதி, எந்த வார்ட், என்ன நடந்தது, யாரிடம் முறையிட்டார். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் வாசிப்பவர் கடைசிப் பந்தியைப் பார்ப்பதில்லை.

கைதியின் சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாது. உறுப்பினர் சபையில் வாசித்தால் அது ஹன்சாட்டில் (பாராளுமன்ற விவாதங்களின் அதிகாரபூர்வப் பதிவில்) பதிவாகி என்றைக்கும் இருக்கும். பிள்ளைகளின் பெயர், பாடசாலை, அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றைச் சேர்க்காதீர்கள்.

225 பேருக்கும் ஒரே போட்டோப் பிரதியை அனுப்புவது பணச்செலவு மட்டும்தான். குடும்பத்தின் தேர்தல் மாவட்ட உறுப்பினர் ஒருவர், சிறை இருக்கும் கொழும்பு மாவட்டத்தவர் ஒருவர், நீதி அல்லது மனித உரிமை பற்றிப் பேசிவரும் ஒருவர் போதும். சிறைச்சாலைகள் எந்த அமைச்சின் கீழ் என்பது அரசாங்கம் மாறும்போது மாறுவதுண்டு. வர்த்தமானியைப் பார்த்து எழுதுங்கள். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. இருந்தும் சிங்கள உறுப்பினருக்குச் சிங்கள மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்பினால் அது மேசையில் காத்துக் கிடக்காது. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். நவம்பர், டிசம்பரில் வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதம் நடக்கும்போது நீதி அமைச்சுக்கென ஒரு நாள் வரும். அதற்கு இரண்டு வாரம் முன்னதாகக் கடிதம் கிடைத்தால் சபையில் எழுப்பப்படும் வாய்ப்புக் கூடும்.

உறுப்பினரின் பதிலுக்காக மற்ற வழிகளை நிறுத்தி வைப்பது மிகவும் கவலைக்குரிய தவறு. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம் மட்டுமே. உறுப்பினருக்கு எழுதிய கடிதம் அந்தக் கணக்கை நிறுத்தாது. அதே ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரணை நடப்பதற்கான கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) கீழும் விண்ணப்பிக்கலாம். வழமையாக 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தெரிவிக்க வேண்டும். ஒரு பிரசையின் உயிரும் தனிப்பட்ட சுதந்திரமும் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். விண்ணப்பத்தின் மேலேயே அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எந்தப் பக்கமிருந்து எழுத்தில் பதில் வந்தாலும், அடுத்த தவணைக்கு முன் அதன் பிரதி சட்டத்தரணியின் கையில் இருக்க வேண்டும்.