பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லையா? ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன்

காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. உடனே நம்மில் பலர் பேட்டரிக் கடைக்குத்தான் போன் போடுகிறோம். புது பேட்டரி வருகிறது, வண்டி ஜம்மென்று கிளம்புகிறது, இரண்டு மூன்று நாளில் மறுபடி அதே 'டிக்'. கடையிலிருந்து வந்த சார்ஜ் தீரும்வரை வண்டி ஓடியிருக்கிறது, அவ்வளவே. இஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்பும் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் வந்து சேரவில்லை.

பேட்டரி வீக்கா, சார்ஜ் ஏறவில்லையா என்று பார்க்க சில நூறு ரூபாய் டிஜிட்டல் மீட்டர் போதும். இஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இஞ்சின் ஓடும்போது இது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அது பேட்டரியைக் கொதிக்க வைத்துக் கெடுக்கும்.

மீட்டர் இல்லாதவர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. இஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்பது கணக்கு. கம்ப்யூட்டர் இல்லாத பழைய அம்பாசடரில் இது எப்படியோ ஓடிவிட்டது. இன்றைய காரில் தயவுசெய்து வேண்டாம். மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் அதை வாங்கிக்கொள்வதே பேட்டரிதான். அதைக் கழற்றிய நொடியில் பல பத்து வோல்ட் பாய்ந்து ஆல்டர்னேட்டரின் டயோடும் இஞ்சின் கம்ப்யூட்டரும் போகலாம். இத்தனைக்கும் அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. பாதி பலத்தில் ஓடும் ஆல்டர்னேட்டரும் இஞ்சினை அணையாமல் வைத்திருக்கும்.

சரி, சார்ஜ் வரவில்லை என்று உறுதியாகிவிட்டது. அப்போதும் ஆல்டர்னேட்டர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். வழியில் இருக்கும் ஒயரை யாரும் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் பெரிய குறை. ஹெட்லைட், ஏசி ப்ளோயர் இரண்டையும் போட்டு இஞ்சினை ஓட விடுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த ஒயர் வந்து சேரும் போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். கிளாம்பில் அல்ல, நடுவில் தெரியும் ஈயத் தண்டிலேயே வைக்க வேண்டும். கிளாம்புக்கும் தண்டுக்கும் நடுவே படியும் வெள்ளைப் பொடிதான் பல நேரங்களில் வில்லன். மீட்டர் 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் வழி சுத்தம். 1 வோல்ட் காட்டினால் அந்த ஒயரிலோ இணைப்பிலோ சார்ஜ் வீணாகிறது. அடுத்து ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ் தண்டுக்கும் இடையே இதேபோல் பாருங்கள். அங்கே 0.2-க்கு மேல் போனால் எர்த் சரியில்லை. இஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை துருப்பிடித்திருக்கலாம்.

இஞ்சினை அணைத்த பிறகும், மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்துப் பார்த்தால், ஆல்டர்னேட்டரின் அந்த போல்ட்டில் பேட்டரி வோல்ட் இருக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் பேட்டரி அருகே போல்ட் போட்டு இறுக்கிய மெயின் ஃபியூஸ் போயிருக்கும். வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்தபோது பாசிட்டிவ், நெகட்டிவ் ஒயரை யாராவது மாற்றிக் கொடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

டாஷ்போர்டில் உள்ள பேட்டரி விளக்கையும் கவனிக்க வேண்டும். எரிந்தால் பயப்படுகிறோம், சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் இருந்தால் கண்டுகொள்வதில்லை. பழைய பல கார்களில் ஆல்டர்னேட்டரை எழுப்பும் சின்ன மின்சாரமே அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸானால் சார்ஜ் ஏறாமலே போகலாம், அல்லது இஞ்சினை ஒருமுறை நன்றாக ரேஸ் செய்த பிறகுதான் ஏறும்.

ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டின் தளர்வு எல்லோருக்கும் தெரியும். கீச் சத்தம் போடாமலும் பெல்ட் வழுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இத்தனையும் சரி, ஆல்டர்னேட்டரேதான் கோளாறு என்றாலும் முழுசாக மாற்றச் சொன்னால் தலையாட்ட வேண்டாம். உள்ளே உரசும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் மட்டும் போயிருக்கலாம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் பிரித்துப் பார்த்துச் சொல்வார்.

புது கார் வைத்திருப்பவர்களுக்கு வேறு குழப்பம். பல மாடல்களில் எப்போது எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது என்பதை இஞ்சின் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் ஓடும்போது 13-க்குக் கீழேகூட இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். ஒரே ஒரு தடவை அளந்துவிட்டுக் கோளாறு என்று சொல்லக்கூடாது.

கடைசியாக, கோளாறைச் சரிசெய்த கையோடு காலி பேட்டரியைப் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் அரை மணி நேரம் ஓடவிட்டால் நிறைந்துவிடும் என்று நம்புவது தவறு. ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழு பலத்தைத் தராது. முற்றிலும் காலியான பேட்டரி புது ஆல்டர்னேட்டரையும் சூடேற்றிவிடும். முதலில் சார்ஜரில் ஓர் இரவு போட்டு, பிறகு மாட்டுங்கள். அப்புறம், ஆல்டர்னேட்டரில் கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பின்னால் இருக்கும் அந்தத் தடித்த ஒயரில் சாவி இல்லாவிட்டாலும் எப்போதும் மின்சாரம் உண்டு. ஸ்பானர் இஞ்சினில் பட்டால் பொறி பறக்கும்.