மேசைக் கணினிக்கு பவர்டு ஸ்பீக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பிளிஃபையர் உள்ளேயே அமைந்த ஸ்பீக்கர்களை முதன்முறை வாங்குபவர்கள் ஒரே குழிகளில் விழுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். இடது, வலது மாறிப் போவது போன்றவற்றை அவர்களே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

பி.எம்.பி.ஓ. வாட்ஸை நம்புவது

பி.எம்.பி.ஓ. என்பது கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண்; ஆர்.எம்.எஸ். என்பது ஸ்பீக்கர் தொடர்ந்து தரக்கூடிய திறன். ஆர்.எம்.எஸ். அளவு குறிப்பிடப்படாத பெட்டியைத் திறந்து பார்க்கவே தேவையில்லை.

இரைச்சலைப் போக்க எர்த் பின்னை நீக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். திருமண வீடியோக்களைத் தொகுக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர் வாங்கிய ஸ்பீக்கர்களில், பாட்டு எதுவும் ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டது; மவுஸை நகர்த்தினால் அதோடு ஒரு கீச்சொலியும் சேர்ந்தது. பொருளில்தான் குறை என்று முடிவு செய்து, அவற்றை நட்டத்துக்கு விற்று, இருமடங்கு விலையில் வேறொரு ஜோடி வாங்கினார். ரீங்காரம் அப்படியே இருந்தது. பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு, பிளக்கின் மேலே இருக்கும் பருத்த பின்னைக் கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டது. நின்றுவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. செய்தது சரியென்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது.

கணினியும் ஸ்பீக்கரும் தனித்தனியே எர்த்துடன் இணைந்திருக்கும்போது, ஆடியோ கேபிளின் உறை அவ்விரண்டையும் மீண்டும் இணைத்து ஒரு வளையத்தை உண்டாக்குகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டமே ரீங்காரமாகக் கேட்கிறது. பின்னைக் கழற்றினால் வளையம் அறுபடும், கூடவே பாதுகாப்பும் போய்விடும். ஸ்பீக்கருக்குள் மின்கசிவு ஏற்பட்டால், அந்த 230 வோல்ட் மெல்லிய ஆடியோ கேபிள் வழியாகக் கணினிக்குள் பாயும். கேபிள் கழற்றப்பட்டிருந்தால், உலோகப் பின்பக்கத்தைத் தொடுபவரின் உடல் வழியே பாயும்.

முதலில் ஆடியோ கேபிளை ஸ்பீக்கரிலிருந்து உருவிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் ஸ்பீக்கரில் குறையில்லை. இரண்டு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பல வீடுகளில் இதுவே போதும். போதாவிட்டால், பேலன்ஸ்டு வெளியீடு (ஒரே ஒலியை இரு கம்பிகளில் எதிரெதிராக அனுப்பி, அவற்றின் வித்தியாசத்தை மட்டும் எடுத்து இரைச்சலை நீக்கும் முறை) கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸையும் (கணினியின் ஒலியை வெளியே தரும் தனிப் பெட்டி) அதற்குரிய கேபிளையும் பயன்படுத்தலாம், அல்லது நடுவில் ஐசொலேட்டர் (நேரடி மின் இணைப்பின்றி ஒலியை மட்டும் கடத்தும் சிறு கருவி) வைக்கலாம். மலிவான ஐசொலேட்டர் ஆழ்ந்த பேஸைச் சற்றே குறைக்கும் என்றாலும் உயிருக்கு ஆபத்தில்லை. தம்பிக்குப் பேலன்ஸ்டு கேபிள்தான் தீர்வாயிற்று. இரண்டாவது ஜோடிக்கான செலவு முழுவதும் வீண்.

தவறான கேபிள்

கணினியின் ஸ்டீரியோ ஜாக்கிலிருந்து சாதாரண ஸ்டீரியோ கேபிளை ஒரு ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு துளையில் செருகினால், அது இடது வலது ஒலிகளின் வித்தியாசத்தை மட்டுமே ஒலிக்கும். நடுவில் பதிவான பாடகரின் குரல் ஏறக்குறைய மறைந்துவிடும். ஒரு ஜாக்கிலிருந்து இரண்டு மோனோ முனைகளாகப் பிரியும் கேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைப்பது

நல்ல யோசனைபோலத் தோன்றினாலும், அந்தத் தொலைவில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறத்தாழ 86 ஹெர்ட்ஸில், அதாவது பேஸ் பகுதியில், நேரடி ஒலியைக் குறைத்துவிடும். மேசையில் வைப்பதென்றால் சுவரை ஒட்டினாற்போல வைத்து, மிகுதியாகும் பேஸைப் பின்புற சுவிட்சால் குறைப்பதே மேல். ட்வீட்டர் (கீச்சான மேல் ஒலிகளைத் தரும் சிறிய ஒலிப்பான்) காது உயரத்தில் இருக்கட்டும்.

ஆன் செய்யும் வரிசை

ஸ்பீக்கரைக் கடைசியில் ஆன் செய்து, முதலில் ஆஃப் செய்யுங்கள்.