ஷெல் லூப்பில் கோப்புப் பெயர்கள் உடையும் இடங்கள்

பாஷ் (லினக்ஸ், மேக்கில் கட்டளைகளை ஓட்டும் ஒரு ஷெல்) ஸ்கிரிப்ட் எழுதப் பழகும் பலரும் ஒருமுறையாவது இதைச் செய்திருப்போம்: கோப்புப் பெயர்களைக் காட்டும் எல்எஸ் (ls) கட்டளையின் வெளியீட்டை $(ls) என்று டாலர் அடைப்புக்குறிக்குள் போட்டு, அதன் மேல் ஒரு ஃபார் லூப். சோதனையில் ஒழுங்காக ஓடும், ஏனென்றால் சோதனைக்கு நாம் உருவாக்கும் கோப்புகளின் பெயரில் இடைவெளி இருக்காது. அப்புறம் யாராவது ‘பொங்கல் படம்’ என்று ஒரு கோப்பை வைப்பார். லூப் முதலில் ‘பொங்கல்’ என்பதைத் தேடும், அடுத்து ‘படம்’ என்பதை. உள்ளே இருப்பது கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளையாக இருந்து, ‘படம்’ என்ற பெயரில் வேறொரு கோப்பும் இருந்துவிட்டால் அது போயே போச்சு.

எல்எஸ் தருவது பட்டியல் அல்ல, நீளமான ஒரே எழுத்துச் சரம். ஷெல் அதை இடைவெளி, டேப், புதுவரி வரும் இடங்களில் வெட்டுகிறது. இவற்றைத் தீர்மானிக்கும் ஐஎஃப்எஸ் மாறியைப் புதுவரி மட்டும் என்று மாற்றி ஒட்டுப்போடுபவர்கள் உண்டு. ஆனால் யூனிக்ஸ் கோப்புப் பெயரில் வரக்கூடாதவை இரண்டுதான்: சாய்கோடு, நல் பைட் (மதிப்பு பூஜ்யமான பைட்). புதுவரிகூட வரலாம்! எனவே எல்எஸ்ஸை விட்டுவிட்டு, ஃபாருக்கு நேரடியாக ‘./*’ கொடுங்கள். இப்படி விரித்த பெயர்களை ஷெல் மறுபடி வெட்டாது. முன்னால் உள்ள ‘./’ அலங்காரமல்ல; சிறுகோட்டில் தொடங்கும் பெயரைக் கட்டளை ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளாமல் அது தடுக்கும். லூப்புக்குள் மாறியை இரட்டை மேற்கோளில் வைக்க மறந்தால் பழைய கதைதான்.

கோப்பகம் காலி என்றால்? பாஷ் அந்த நட்சத்திரக்குறியையே ஒரு பெயராகக் கொண்டு லூப்பை ஒருமுறை ஓட்டும். பொருந்தும் பெயர் இல்லாதபோது அந்தக் குறியை நீக்கிவிடும் நல்குளோப் (nullglob) அமைப்பை இயக்கினால் சரியாகும்.

என் அரை நாளைத் தின்றது வேறொன்று. கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் (find) கட்டளையின் வெளியீட்டைக் குழாய் (|) வழியாக, வரிவரியாகப் படிக்கும் ஒயில்-ரீட் (while read) லூப்புக்கு அனுப்பி, உள்ளே கோப்புகளை எண்ணினேன். லூப் முடிந்ததும் பார்த்தால் எண்ணிக்கை பூஜ்யம். பாஷில் குழாயின் ஒவ்வொரு பகுதியும் தனித் துணை ஷெல்லில் ஓடுகிறது. அங்கே ஏறிய எண் அங்கேயே மடிந்துவிடுகிறது. குழாயை எடுத்துவிட்டு, லூப்பை முடிக்கும் டன்னுக்குப் (done) பிறகு ‘< <(கட்டளை)’ என்று கொடுத்தால் லூப் நம் ஷெல்லிலேயே ஓடும். ரீடுக்கு ‘-ஆர்’ கொடுக்காவிட்டால் பின்சாய்கோடுகளை விழுங்கிவிடும் என்பதையும் அன்றுதான் கவனித்தேன். இதே வகை லூப்புக்குள், வேறு கணினியில் கட்டளை ஓட்டும் எஸ்எஸ்எச்சை (ssh) அழைத்தால் மீதி வரிகளை எல்லாம் அது உறிஞ்சிவிடும், லூப் ஒரே சுற்றில் நின்றுவிடும். எஸ்எஸ்எச்சின் உள்ளீடாக, எப்போதும் காலியாக இருக்கும் டெவ்-நல்லைக் (/dev/null) கொடுத்துவிடுங்கள்.

அரே (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் மாறி) பயன்படுத்தினால், அதன் எல்லா உறுப்புகளையும் எடுக்க இரட்டை மேற்கோளுக்குள் ‘@’ போடுங்கள். ‘*’ போட்டால் எல்லா உறுப்புகளும் ஒரே சரமாக ஒட்டிக்கொள்ளும். மேக்கில் உடன் வரும் பாஷ் இன்னும் 3.2தான். 4.0இல் வந்த, வரிகளை அரேயில் நிரப்பும் மேப்ஃபைல் (mapfile) கட்டளை அங்கே கிடையாது. இசட் ஷெல் (zsh) என்ற வேறு ஷெல்லுக்கு மாறினாலோ அரே எண் 1இலிருந்து தொடங்கும்.

உள்ளீட்டில் வரும் பெயர்களை இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸிலும் (xargs) இதே வெட்டுதான், போதாததற்கு மேற்கோள் குறிகளிலும் தடுமாறும். ஃபைண்டுக்கு ‘-பிரிண்ட்0’, எக்ஸ்ஆர்க்ஸுக்கு ‘-0’ கொடுத்தால் பெயர்களை நல் பைட் பிரிக்கும். இந்த ஜோடி, யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொது விதிகளான பாசிக்ஸ் (POSIX) தரத்துக்குள் வந்ததே 2024இல்தான்.