உங்கள் டிக்கெட் யாரிடம் போய்ச் சேர்கிறது?

பெரிய நிறுவனத்தின் சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்டில் வேலை ‘டிக்கெட்’ என்ற பெயரில் துண்டுதுண்டாகத்தான் கைக்கு வரும். ஒருவர் திரையைச் செய்வார், இன்னொருவர் சோதிப்பார். கடைசியில் அது யாருக்குப் பயன்பட்டது என்று இருவருக்கும் தெரியாது. சலிப்பு தொடங்குவது இங்கேதான். ஊக்கப் பேச்சு அதற்கு மருந்தாகாது.

முதலில், கையிலிருக்கும் வேலைக்கு ஒரு வரி எழுதுங்கள்: இது முடிந்தால் யாருக்கு எது எளிதாகும்? ‘க்ளையண்ட்டுக்கு’ என்று எழுதினால் போதாது. ‘மருத்துவமனைக் கவுன்ட்டரில் பில் போடுபவருக்கு’ என்ற அளவுக்கு இறங்க வேண்டும். எழுத வரவில்லையென்றால் மேலாளரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், ப்ரோக்ராம் எழுதுவதற்கு முன்பே அதைப் பேசித் தீர்த்துவிடுங்கள்.

அடுத்து, அந்தக் கவுன்ட்டருக்கே போய் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். டெமோ காட்ட வேண்டாம். அவர் எங்கே தயங்குகிறார், எதைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்கிறார் என்று பாருங்கள். நோயாளி விவரம் தெரியும் திரையைப் படமெடுக்காதீர்கள். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டியவர்கள், அந்தப் பணத்தில் படித்த மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதத்துக்குப் பின் அவர்கள் போனில் பேசிய நேரம் இரு மடங்கைத் தாண்டியது. மாணவரின் கடிதத்தை மட்டும் படித்த குழுவில் அந்த மாற்றம் வரவில்லை. ஆகவே நன்றி மெயிலை எல்லோருக்கும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். சந்திப்பில் மேலாளரே பேசிக்கொண்டிருந்தாலும் பலனில்லை. பில் போடுபவர் பேசட்டும்.

ஸ்பிரிண்ட் எனப்படும் சில வார வேலைச் சுற்றைத் திட்டமிடும்போது, சிதறிய ஐந்து டிக்கெட்டுக்குப் பதில் ஒரு சிறு வசதியை முதலிலிருந்து ரிலீஸ் வரை கேட்டு வாங்குங்கள். எல்லா ஸ்பிரிண்ட்டிலும் கிடைக்காது. இரண்டுக்கு ஒன்று கிடைத்தாலும் நல்லது.

ரிலீஸுக்கு நான்கு வாரம் கழித்து 20 நிமிடக் கூட்டம் ஒன்றை இப்போதே காலண்டரில் போடுங்கள். ஒரு பில்லுக்கு ஆகும் நேரம் குறைந்ததா என்பது மட்டுமே பேச்சு. பழைய நேரத்தை முன்பே அளந்து வைக்காததால் பல குழுக்கள் இங்கே கைவிரிக்கின்றன. கவுன்ட்டரில் உட்கார்ந்த அன்றே இருபது பில்லுக்கு ஆன நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

ப்ராஜெக்ட் பாதியில் நின்றால், ஏன் நின்றது, எந்தப் பகுதி வேறு எங்கே உதவும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். குழுவோடு உட்கார்ந்து அதைப் படித்த பிறகே அடுத்த வேலையை எடுங்கள்.