குறைந்த செலவில் பாறையேற்றக் கேம் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாறையில் முன்கூட்டியே அடித்து வைத்த போல்ட்டுகளை நம்பாமல், ஏறுபவரே தம் பாதுகாப்புக் கருவிகளை விரிசல்களில் பொருத்திக்கொண்டு மேலே செல்லும் டிராட் ஏற்றத்தில், அதிகப் பணத்தை விழுங்குவது கேம்தான்; விரிசலுக்குள் நுழைத்ததும் மடல்கள் விரிந்து சுவர்களைப் பிடித்துக்கொள்ளும் உலோகக் கருவி அது. அமெரிக்கக் கடைகளில் ஒரு நல்ல கேம் ஏறக்குறைய 70 முதல் 100 டாலர் வரை விற்கிறது. விரிசலில் ஆப்புபோலச் செருகும், அசையும் பாகமில்லாத சாதாரண நட்டு ஒன்று அதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கே கிடைத்துவிடும். ஆகவே செலவைச் சுருக்க நினைப்பது நியாயமே. ஆனால் எதில் சுருக்குகிறோம் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். எண்ணிக்கையில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். எங்கே செய்யப்பட்டது, யார் சோதித்தது என்று தெரியாத கருவியை வாங்கி மட்டும் பணத்தை மிச்சப்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கான காரணம் கேம் இயங்கும் விதத்திலேயே இருக்கிறது. 1970-களில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ரே ஜார்டின் உருவாக்கி, 1978 முதல் இங்கிலாந்தின் வைல்ட் கன்ட்ரி நிறுவனம் ‘ஃபிரெண்ட்’ என்ற பெயரில் விற்ற கருவிதான் இன்றைய கேம்களுக்கெல்லாம் முன்னோடி. அதன் மடல்கள் மடக்கை விதிப்படி வளையும் சுருள் வடிவில் வெட்டப்பட்டவை. அதனால் மடல்கள் எவ்வளவு விரிந்திருந்தாலும் அவை பாறையைத் தொடும் கோணம் மாறுவதில்லை. ஏறக்குறைய 14 பாகையுள்ள அந்தக் கோணத்தின் விளைவாக, மடல்களைத் தாங்கும் தண்டில் விழும் இழுவிசை விரிசலின் ஒவ்வொரு பக்கச் சுவரிலும் சுமார் இரண்டு மடங்கு அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தம் தரும் உராய்வே விழும் மனிதரைத் தாங்குகிறது. வளைவில் சிறு பிசகோ, உலோகத்தில் மென்மையோ, மடல்கள் சுழலும் அச்சில் தளர்வோ இருந்தால் முதலில் கெடுவது இந்தக் கணக்குத்தான். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் இணையச் சந்தைகளில் பெயரே இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் கேம்களை விட்டு விலகுங்கள். ஈஎன் 12276 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், சிஇ முத்திரையும், எத்தனை கிலோநியூட்டன் (விசையின் அலகு) தாங்கும் என்ற அளவும் கருவியிலோ உடன்வரும் தாளிலோ இருக்க வேண்டும். அந்தத் தரம் கேட்கும் குறைந்தபட்ச வலிமை 5 கிலோநியூட்டன். கை நுழையும் அளவுள்ள நல்ல கேம்கள் 12 கிலோநியூட்டனோ அதற்குச் சற்று மேலோ தாங்குகின்றன.

அடுத்த தவறு, விலைச்சீட்டை மட்டும் ஒப்பிடுவது. ஒற்றை அச்சுள்ள கேம் பெரும்பாலும் மலிவு. இரட்டை அச்சுள்ளது விலை கூடுதல். ஆனால் பிளாக் டைமண்ட் நிறுவனத்தின் இரட்டை அச்சு கேமான கேமலாட்டில் பச்சை நிற 0.75 அளவு ஏறக்குறைய 24 முதல் 41 மில்லிமீட்டர் வரையுள்ள விரிசல்களுக்குப் பொருந்தும்போது, அதே இடத்தில் தொடங்கும் மெட்டோலியஸ் நிறுவனத்தின் ஒற்றை அச்சு கேம் சுமார் 33 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடுகிறது. எனவே அதே அகல வரம்பை ஈடுகட்ட ஒற்றை அச்சில் கூடுதலாக ஒன்றோ இரண்டோ வாங்க நேரும். மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் மலிவானது மலிவாக இருக்காது. அதே சமயம் ஒற்றை அச்சு கேம்களின் தலை குறுகலானது, எடையும் குறைவு. ஆழமில்லாத மெல்லிய விரிசல்களில் இரட்டை அச்சு உட்காராத இடத்திலும் அவை உட்காரும். விரல் அளவுகளுக்கு ஒற்றை அச்சும் கை அளவுகளுக்கு இரட்டை அச்சுமாகக் கலந்து வைத்துக்கொள்வது, பணத்துக்கும் பாறைக்கும் பொருந்தும் ஏற்பாடு என்பேன்.

கேமின் அளவைக் குறிக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதும் ஆபத்தானது; அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிஎம்எம் நிறுவனத்தின் டிராகன் கேமில் 3 என்பது சிவப்பு; அது பிளாக் டைமண்டில் சிவப்பு நிற 1-க்கு இணை. பிளாக் டைமண்டின் 3 நீல நிறத்தில், 51 முதல் 88 மில்லிமீட்டர் வரை விரியும் பெரிய கேம். மெட்டோலியஸின் 1 விரல் நுனி நுழையும் விரிசலுக்கானது. ‘மூன்றாம் எண், நல்ல நிலையில்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தவுடன் பணம் அனுப்பிவிட்டு, ஏற்கெனவே கையில் உள்ள அளவையே மறுபடி வாங்கிக்கொள்வோர் உண்டு. மில்லிமீட்டரில் கேட்டு உறுதிசெய்த பிறகே வாங்குங்கள்.

பழைய கேமை வாங்குவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். சோதிக்காமல் வாங்குவதுதான் தவறு. கையில் எடுத்ததும், மடல்களை மடக்க இழுக்கும் பிடியான ட்ரிகரை முழுக்க இழுத்து மெதுவாக விடுங்கள். நான்கு மடல்களும் ஒன்றுபோல மடங்கி, ஒன்றுபோல விரிய வேண்டும்; ஒன்று மட்டும் பின்தங்கினால் அது அழுக்காக இருக்கலாம், வளைந்த அச்சாகவும் இருக்கலாம். வெந்நீரில் கழுவி, காயவைத்து, மெழுகு வகை மசகு இட்ட பிறகும் அது திருந்தவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு மடல்களின் விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரல் நகத்தால் வருடிப் பாருங்கள்: பற்கள் தேய்ந்து ஓரிடம் தட்டையாகியிருந்தால், பாரம் ஏறிய நேரத்தில் அது பாறையில் வழுக்கியிருக்கிறது என்று பொருள். தண்டின் கம்பிவடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் வேண்டாம். ட்ரிகரின் மெல்லிய கம்பி அறுந்திருப்பது மட்டும் கவலைக்குரியதன்று. அது பாரம் தாங்குவதில்லை, மாற்றிக்கொள்ளலாம். அதைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கவும் கேட்கலாம்.

உலோகம் நன்றாக இருந்தும் பலர் ஏமாறும் இடம், தண்டின் முனையில் கோத்திருக்கும் நாடாவான ஸ்லிங். நைலானோ டைனீமாவோ, எந்த நூலும் காலத்தால் நலிகிறது. பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் பத்தாண்டுகளுக்கு மேல் வேண்டாம் என்றே தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். ஸ்லிங்கில் தைத்திருக்கும் சிறு துண்டில் ஆண்டைப் பாருங்கள். டிஎம்எம், மெட்டோலியஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் கேம்களுக்குக் கட்டணம் பெற்றுப் புதிய ஸ்லிங் தைத்துத் தருகின்றன. அந்தக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் பழைய கேமின் விலையைக் கணக்கிட வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்குப் போக வர அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்தால், புதிய கேமே மலிவாக முடியும். கடையில் வாங்கிய நாடாவை வீட்டில் தைத்துப் போட்டுக்கொள்ளும் எண்ணம் எவருக்கும் வரக் கூடாது.

தொடக்கத்திலேயே எல்லா அளவுகளையும் வாங்கிவிடத் துடிப்பதும், மிகச் சிறிய கேம்களில் தொடங்குவதும் வீண் செலவு. சிறிய கேம்களின் வலிமை குறைவு, விரியும் எல்லையும் குறுகியது. அவற்றைப் பிழையில்லாமல் பொருத்தத் தேர்ந்த கை வேண்டும். ஒரு முழு நட்டுத் தொகுப்பும், கேமலாட் அளவில் சொன்னால் 0.5 முதல் 2 வரை நான்கு கேம்களும் இருந்தால், எளிய பாதைகள் பலவற்றில் முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். நட்டு வைக்கக் கற்றவருக்கு, குறுகிக்கொண்டே போகும் விரிசலில் கேமே தேவைப்படாது. யூட்டாவின் இண்டியன் கிரீக்கில் மணற்பாறை விரிசல்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் ஓடுவதால், ஒரே அளவில் ஐந்தாறு கேம்கள் தேவைப்படும். அதற்காக யாரும் தனியாளாகக் கடன்பட வேண்டியதில்லை. அங்கே போகிறவர்கள் தோழர்களின் கருவிகளைச் சேர்த்துக்கொள்வதே வழக்கம். அவரவர் கேமைப் பிரித்தறிய காரபைனரில் (கேமை மாட்டிவைக்கும் உலோகக் கொக்கி) வண்ண நாடா ஒட்டிக்கொள்ளலாம். ஸ்லிங்கில் ஒட்டவோ மையால் எழுதவோ வேண்டாம், பசையும் மையும் நூலைப் பாழாக்கக்கூடும்.