ஊரில் ‘அன்லிமிடெட்’ சிம் வாங்கப் போகிறீர்களா?

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன அடுக்குவது என்று உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது போன் விஷயம். தமிழ்நாட்டில் ரீசார்ஜ் கடையில் ‘அன்லிமிடெட்’ என்று தரும் பேக்குகளில் பெரும்பாலும் அளவில்லாதது பேச்சு மட்டும்தான். டேட்டா நாளுக்கு 1.5 ஜிபி, இல்லையென்றால் 2 ஜிபி. அது தீர்ந்ததும் நெட் நிற்காது, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். 1 எம்பி போட்டோ வரவே 2 நிமிடம். நள்ளிரவு 12 மணிக்குத்தான் கணக்கு புதிதாகும்.

டொரண்டோவிலிருந்து கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் இது எனக்குப் புரிந்தது. சித்தப்பா வீட்டார் வந்திருந்தார்கள், பிள்ளைகள் “பெரியப்பா, ஹாட்ஸ்பாட் போடுங்க” என்று சுற்றி நின்றார்கள். ஆறு வருடமாக ஒரு கல்யாணத்துக்கும் வராதவன், அதற்கும் முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? போட்டுக் கொடுத்தேன். அன்று என் மகளுக்குப் பிறந்தநாள். அவள் பள்ளிக்குக் கிளம்புமுன் பேசலாம் என்று அப்பா சாயங்காலம் ஐந்து மணிக்கே வேட்டி மாற்றி, நெற்றியில் திருநீறு பூசித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பேத்தியின் முகம் பாதி வந்து அப்படியே நின்றது. “கண்ணு, தாத்தா பேசுறேன், கேக்குதா?” என்று மூன்று தடவை கேட்டார். அப்புறம் “சரி, புள்ளைக்கு நேரமாகும்” என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் கடைக்கு ஓடி எக்ஸ்ட்ரா டேட்டா போட்டு வருவதற்குள் அவள் வகுப்பில் இருந்தாள். பிள்ளைகளைத் திட்டிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

5ஜி உண்மையிலேயே அன்லிமிடெட் என்பார்கள். அதற்குத் தகுந்த பேக்கும் 5ஜி போனும் வேண்டும், சிக்னலும் எட்ட வேண்டும். வீட்டுக்குள் போய் 4ஜிக்கு மாறினால் அந்த 2 ஜிபி கரைய ஆரம்பிக்கும். ஜியோவின் 5ஜி, 4ஜியின் துணை இல்லாமல் தனித்து இயங்கும் வகை, வெளிநாட்டில் வாங்கிய எல்லா போனும் அதைப் பிடிக்காது.

பெற்றோருக்கு வெளிநாட்டிலிருந்து ரீசார்ஜ் செய்பவர்கள் 28 நாள் பேக்கை ஒரு மாதத்துக்கானது என்று நினைக்காதீர்கள். வருடத்துக்கு 13 முறை போட வேண்டிவரும். நான் மறந்த ஒரு மாதம் அப்பா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-ல் போட்ட உத்தரவால் 30 நாள் பேக்கும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக்கும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

முடிந்தால் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பே போட்டுவிடுங்கள். அதிலும் வரம்பு உண்டு, ஆனால் பெரிய நிறுவனங்களில் மாதம் 3,300 ஜிபி, ஒரு வீட்டுக்குத் தாராளம். இறங்கிய அன்றே சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டுக்கு ஆள் வந்து வயர் இழுத்தது நான் கிளம்பிய அன்று காலையில்.