கையால் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை: கோட்டை விடும் இடங்கள்

குயில்ட் தைக்கிறேன் என்று வேலூரில் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "இந்த வெயிலில் யாருக்குப் போர்வை?" என்பதுதான். நியாயமான கேள்வி. மார்கழி, தை போக மீதி நாளெல்லாம் மின்விசிறியே கதி என்று கிடக்கும் ஊர் இது. ஆனாலும் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து, ஓரம் தைத்து, கைக்குழந்தைக்கு விரிப்பாகப் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குயில்ட் அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சுப் பாளம், கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது ஓட்டுத் தையல். அந்தத் தையல் போகும் கோலத்தில்தான் போர்வையின் அழகு இருக்கிறது.

நான் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்ட தவறுகள் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன: மேல்துணியைத் தைத்து முடித்த பிறகுதான் கோலத்தைப் பற்றி யோசிக்கிறோம். என் முதல் போர்வையில் நடந்தது அதுதான். ஆறு அங்குலக் கட்டங்கள் 150-ஐ மாதக்கணக்கில் இணைத்துவிட்டு, சரி, மேலே சிக்குக் கோலம் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஊசி இறங்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் துணி. குடியாத்தம் பக்கத்துக் கட்டம் போட்ட லுங்கித் துணி இதற்கு அருமையாக இருக்கும். பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள், ஆனால் புதுசை அப்படியே வெட்டாதீர்கள். நம் ஊர்க் கட்டத் துணி சாயம் விடுவதற்குப் பேர்போனது. 1960களில் அமெரிக்காவில் 'மெட்ராஸ்' துணியைச் சாயம் போகும் என்று சொல்லியே, அதையே பெருமையாக்கி விற்றிருக்கிறார்கள். சட்டைக்கு அது சரி. வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டம் உட்காரும் போர்வைக்கு அது உதவாது. துணியின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். கறை ஒட்டினால் தனியாக அலசிக்கொண்டே இருங்கள். ஐந்தாறு முறை அலசியும் தண்ணீர் தெளியவில்லை என்றால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுவதே நல்லது. உப்புப் போட்டு ஊறவைத்தால் நின்றுவிடும் என்பார்கள். ஏற்கெனவே சாயமேறிய துணியில் உப்போ வினிகரோ சாயத்தைப் பிடித்து நிறுத்தாது.

நைந்துபோன பழைய லுங்கியையும் புதுத் துணியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், நாலு துவைப்பில் பழையது தையல் ஓரமாகவே கிழியும். ஆரணிப் பட்டில் மிஞ்சிய துண்டு ஆசை காட்டும். பட்டும் பருத்தியும் ஒன்றுபோலச் சுருங்காது, துவைக்கும் முறையும் வேறு. சுவரில் மாட்டுவதற்குத் தைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கட்டம் போட்ட துணியில் இன்னொரு பொறி இருக்கிறது. கோடு தெரிகிறதே என்று அதன் மேலேயே கத்தரியை ஓட்டுவோம். துவைத்துக் காய்ந்த துணி கோணியிருந்தால் அந்தக் கோடும் சேர்ந்தே கோணியிருக்கும். ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிப் பாருங்கள். அது போகும் வழிதான் நேர். துணியை மூலைக்கு மூலை இழுத்து அந்த நேருக்குக் கொண்டுவந்து, தேய்த்த பிறகு வெட்டுங்கள். இழைக்குச் சாய்வாக வெட்டிய துண்டு கையில் எடுத்தாலே இழுபடும். அந்த ஓரங்கள் வரிசையாக வந்தால் போர்வை அலை அலையாக நிற்கும்.

அட்டையில் வெட்டிய அளவுத் துண்டை வைத்தே எல்லாத் துண்டையும் வரையாதீர்கள். பென்சில் உரசி உரசி அட்டையின் ஓரம் தேய்ந்துபோகும். ஐம்பதாவது துண்டு முதல் துண்டின் அளவில் இருக்காது. சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊரில் பீரோ மேல் ஒரு பழைய எக்ஸ்ரே பிலிம் கிடைக்காமலா போகும்? அதை வெட்டிக்கொள்ளுங்கள். தேயாது, கீழே இருக்கும் துணியின் கட்டமும் அதன் வழியாகத் தெரியும். யாருடைய முட்டி என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் விடுவது கால் அங்குலம். முடிந்த அளவு 6 அங்குலம் வேண்டும் என்றால் வெட்டும் அளவு ஆறரை. தச்சர்கள் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் அல்லவா, ஒரு மூட்டில் ஒரு நூல் தவறினால் 16 மூட்டு சேரும்போது 2 அங்குலம் போய்விடும். அதனால் வெட்டும் கோட்டை விடத் தைக்கும் கோடு முக்கியம். துண்டின் பின்பக்கம் தையல் கோட்டைப் பென்சிலால் வரையுங்கள். இரண்டு துண்டின் மூலைப் புள்ளிகளையும் ஒரே குண்டூசியில் கோத்துப் பிடியுங்கள். தையலை அந்தப் புள்ளியில் ஆரம்பித்து அடுத்த புள்ளியில் நிறுத்துங்கள், துணியின் விளிம்புவரை போகாதீர்கள். மிஷின் பழக்கம் உள்ளவர்கள் தவறுவது இங்கேதான். கையால் தைப்பதன் லாபமே மூட்டில் அந்தக் கால் அங்குலம் ஒட்டாமல் நிற்பதுதான். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் மடித்துக்கொள்ளலாம், நாலு மூலை சேரும் இடம் புடைக்காது. நூல் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், சிக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு பின்தையல், நடுவில் அங்கங்கே ஒன்று. போதும்.

பஞ்சு விஷயத்தில் ஊர்ப் பழக்கம் காலை வாரிவிடும். தலையணைக்கு இலவம்பஞ்சு வாங்கிப் பழகிய கை, போர்வைக்கும் அதையே தேடும். இலவம்பஞ்சின் இழை குட்டையானது, வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. ஒரு முறை துவைத்தால் மூலைக்கு மூலை உருண்டு நிற்கும். நமக்கு வேண்டியது தாளாகக் கிடைக்கும் பருத்திப் பாளம், அதிலும் மெல்லியது. அதுகூட நம் வெயிலுக்கு அதிகம் என்றால், நனைத்துச் சுருங்கவிட்ட காடாத்துணி ஒரு மடிப்பு நடுவில் வைக்கலாம். பாளத்தை வாங்கும்போதே தையலுக்குத் தையல் எவ்வளவு இடைவெளி தாங்கும் என்று அதன் உறையில் பாருங்கள். கோலத்தின் நெருக்கத்தை முடிவு செய்ய வேண்டியது அந்த எண்தான்.

இப்போது கோலம். சிக்குக் கோலத்தில் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டுவது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில். என் போர்வையில் கட்டம் 6 அங்குலம், புள்ளி இடைவெளி 3. மூட்டிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் முதல் புள்ளி வைத்தேன், பார்க்க ஒழுங்காக இருந்தது. கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்: கட்டத்தின் கடைசிப் புள்ளிக்கும் அடுத்த கட்டத்தின் முதல் புள்ளிக்கும் நடு என்பது மூட்டேதான். துணி மடிந்து தடித்திருக்கும் அந்த இடத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. சரி, புள்ளியை மூட்டின் மேலேயே வைத்தால்? அப்போது மூட்டின் மேல் வரிசையாக நிற்கும் புள்ளிகளுக்கு நடுவே வெட்டும், அதுவும் மூட்டின் மேல்தான். இடைவெளியில் கால் பங்கு தள்ள வேண்டும். 3 அங்குலம் என்றால் மூட்டிலிருந்து முக்கால் அங்குலத்தில் முதல் புள்ளி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அப்படியே. வெட்டும் இடங்கள் எல்லாம் மூட்டை விட்டு விலகிவிடும். இதை ஒரு கட்டக் காகிதத்தில் அரை மணி நேரத்தில் பார்த்திருக்கலாம்.

சிக்குக் கோலத்தில் இன்னொரு மயக்கமும் உண்டு. ஒரே கோடு, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும், முடிச்சு குறையும் என்று தோன்றும். வாசலில் கோடு எங்கே போகிறதோ கையும் அங்கே போகலாம், தரை நகராது. துணி நகரும். நடுவில் தொடங்கி ஓரம்வரை போய் மறுபடி நடுவுக்கு வந்தால் அடித்துணி கொசுவிக்கொண்டு நிற்கும். கோடு ஒன்றாக இருந்தாலும் ஊசியை நாலைந்தாக வைத்துக்கொள்ளுங்கள். துணியை விறைப்பாகப் பிடிக்கும் வளையத்துக்குள் இருக்கும் பகுதியை முடித்து, ஊசிகளை அப்படியே விட்டுவிட்டு, நடுவிலிருந்து வெளியே நகருங்கள்.

பூப்போட்ட துணியின் மேல் நுணுக்கமான கோலம் தெரியாது, அங்கே நேர்க்கோடு போதும். உழைப்பை வெற்றுத் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நெருக்கி, ஓரத்தை வெறுமனே விடுவதும் வேண்டாம். தைத்த இடம் சுருங்கும், தைக்காத ஓரம் அலையும்.

கோலத்தைத் துணியில் ஏற்ற ஓட்டை போட்ட தகரக் கோல அச்சு நன்றாகவே உதவும். ஆனால் உள்ளே போடுவது சாக்பீஸ் தூளாக இருக்கட்டும். அரிசிமாவு எறும்பை அழைக்கும், ரங்கோலிப் பொடி கறையாகும். ஆரி வேலை கற்றவர்கள் மண்ணெண்ணெய் கலந்த ட்ரேசிங் பவுடரைத் தேய்ப்பார்கள். பிளவுஸில் வேலைப்பாடு அதை மூடிவிடும். இங்கே தையலுக்கும் தையலுக்கும் நடுவே அது தெரிந்துகொண்டே இருக்கும். சூட்டில் மறையும் பேனா தேய்த்ததும் காணாமல் போகும், குளிரில் மறுபடி எழும்பும். தண்ணீரில் போகும் பேனாவின் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, சூடு பட்டால் கறை நின்றுவிடலாம்.

மூன்று அடுக்கையும் இழையோட்டி நிறுத்துவதில் சோம்பல் வேண்டாம். அடித்துணியைத் தரையில் விறைப்பாக விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, நடுவிலிருந்து நாலு விரற்கடை இடைவெளியில் பெரிய பெரிய தையலாக ஓட்டுங்கள். மூன்றில் சிறியது மேல்துணியாக இருக்கட்டும். பஞ்சும் அடித்துணியும் சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலம் வெளியே நிற்கட்டும்.

அப்புறம் மாதக் கணக்கு ஒன்று. துண்டு வெட்டுவது, இணைப்பது எல்லாம் மடியில் கைக்குட்டை அளவு வேலை, அக்னி நட்சத்திரத்திலும் செய்யலாம். மூன்று அடுக்கையும் மடியில் போட்டுத் தைக்கும் வேலையை ஐப்பசிக்கு முன்னால் தொடங்காதீர்கள். நான் வைகாசியில் தொடங்கி, வியர்வைக் கையோடு ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், வெள்ளைத் துண்டின் நட்டநடுவில் ஊசி நீளத்துக்குத் துருக் கோடு.